டூட்டி லிஸ்டில் ஒரு மாற்றம்

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. வயதில் அவளைவிட மூத்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத்துணி மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பிரித்து, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவதற்கு எழுபது பேர். மடிப்புப் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். அதோடு, யார் எந்த ஷிப்டில் வர வேண்டும் என்ற டூட்டி லிஸ்ட்டை எழுதுவதும் அவள்தான். மேனேஜர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

அவளுக்கு இந்த வேலையில் பெருமை உண்டு. ஆனால் அவளுடைய உயிர் இருந்தது மதியம் ஒரு மணிக்கு, மடித்த விரிப்புகள் அடுக்கியிருக்கும் மாடி அறையில் நடக்கும் ஜெப ஐக்கியத்தில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தையலம்மாவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தபோது, பெரியக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்; அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஜெபித்தார்கள். கிழிந்த துணியெல்லாம் தைக்கிற தையலம்மா அழுதாள், பெரியக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஆரம்பித்தது. பிறகு பாய்லர் அண்ணன் வந்தார். இரைச்சலிலேயே இருந்து காது மந்தமானவர். ஆண்டவருக்கும் காது மந்தம் என்று நினைத்தவர் போல உரக்க ஜெபிப்பார். மடிப்புப் பிரிவிலிருந்து ‘நெட்டை’ வந்தாள். துவைக்கும் பிரிவிலிருந்து ஒரு தம்பதி வந்து, சண்டை போட்ட நாளில் எதிரெதிர் மூலையில் உட்காருவார்கள். ஆறு பேர். அரை மணி நேர இடைவேளையில் பத்து நிமிஷம் சாப்பாடு, இருபது நிமிஷம் ஜெபம். வேதத்தில் எந்தப் பகுதி வாசிப்பது என்று பெரியக்கா சொல்வாள். விளக்கம் அவள் கொடுப்பாள். முடிவு ஜெபமும் அவளுடையதுதான். யாரும் அதைத் தீர்மானம் போட்டு வைக்கவில்லை. அது அப்படியே அமைந்துவிட்டது.

ஏழாவது ஆளாக வந்தவள் துணி பிரிக்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை. புதிதாக வந்ததால் முதல் நாளே யாரோ ‘புதுப்பொண்ணு’ என்று கேலியாகக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. கதவோரமாக உட்காருவாள். குரலே வராது. பெரியக்காதான் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். “தள்ளி உக்காராதம்மா, இது நம்ம வீடு மாதிரி” என்றாள். பின்னால் அதை நினைத்து நினைத்து வயிறு எரிந்திருக்கிறாள்.

மூன்றாவது வாரம் பாய்லர் அண்ணன், “நீயும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணேம்மா” என்றார்.

புதுப்பொண்ணு கண்ணை மூடினாள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல, “ஆண்டவரே, இந்த அண்ணனுக்கு முட்டி வலிக்குது. படி ஏறி வரும்போது ரெண்டு எடத்துல நின்னாரு. அவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீங்க பாத்துக்கங்க. ஆமென்” என்றாள்.

அவ்வளவுதான். பாய்லர் அண்ணன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அழுது பெரியக்கா பார்த்ததில்லை. அவர் படியில் நிற்பதையும் பார்த்ததில்லை. அன்று முடிவு ஜெபத்தைக் கொஞ்சம் நீளமாகவே செய்தாள். அழகான வார்த்தைகள் வந்தன. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தம்பதிகள் புதுப்பொண்ணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். தையலம்மா பழைய துணியில் ஒரு பை தைத்து அவளுக்குக் கொடுத்தாள். பெரியக்கா விளக்கம் சொல்லும்போது தலையாட்டுகிறவர்கள், புதுப்பொண்ணு ஒரு வரி சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நெட்டைக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றுபோன செய்தியே பெரியக்காவுக்கு நான்கு நாள் கழித்து, அதுவும் லாரி டிரைவர் மூலமாகத்தான் தெரிந்தது.

“ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?” என்று கேட்டாள்.

“நீங்க பிசியா இருந்தீங்கக்கா. பிரிக்கிற எடத்துல புதுப்பொண்ணக்கா இருந்தாங்க, அவங்கள பாத்ததும் அழுகை வந்துடுச்சு.”

“நல்லது, நல்லது” என்றாள் பெரியக்கா. நெட்டையின் அப்பா செத்தபோது மூன்று நாள் கூடவே இருந்தது யார்? அதையெல்லாம் யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள்.

வீட்டில் புருஷனிடம் கொட்டினாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழந்தைகளின் கூச்சலில் பழகிப் போய், எதற்கும் பதறாதவர்.

“அப்படி என்னதான் ஜெபம் பண்றா அவ? ‘முட்டி வலிக்குது, பாத்துக்கங்க.’ இது ஒரு ஜெபமா? மருந்துக்கடையில சீட்டு நீட்டுற மாதிரி.”

“உன்னுது ஹெட்மாஸ்டருக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி இருக்கும்” என்றார் அவர், செருப்பைத் துடைத்துக்கொண்டே. “நான் உள்ளதச் சொன்னேன். கோவிச்சுக்காத.”

அவள் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

அந்த மாசக் கடைசியில், காலை ஆறு மணி ஷிப்டில் ஒரு பெண் பிரசவத்துக்கு லீவு போட்டாள். துணி பிரிக்க அந்த ஷிப்டுக்கு ஒரு ஆள் வேண்டும். போகக்கூடியவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு வீடு எதிர்த் தெருவில்தான். அவளே ஒருமுறை ஆறு மணி ஷிப்ட் கேட்டிருக்கிறாள். பெரியக்கா பேனாவை எடுத்தாள். ஆறு மணி ஷிப்டுக்கு இடைவேளை பத்து மணிக்கு. மதியம் ஒரு மணிக்கு அவர்கள் மேசையை விட்டு நகர முடியாது. இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது போலவே புதுப்பொண்ணின் பெயரை எழுதினாள். ‘சின்சியரான ஆளு, அங்க ஒரு சின்சியரான ஆளு வேணும்’ என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். ஆண்டவருடைய சித்தமாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியபோது மட்டும் கை கொஞ்சம் கூசியது.

லிஸ்ட் ஒட்டிய அன்று மத்தியானம் புதுப்பொண்ணு வந்து நின்றாள்.

“அக்கா, ஆறு மணி எனக்குக் கொஞ்சம் கஷ்டம். வீட்ல அம்மா...”

“எல்லாருக்கும் வீட்ல கஷ்டந்தாம்மா. மாறி மாறித்தான் வரும். ஒருத்தருக்குப் பாத்தா எல்லாருக்கும் பாக்கணும்.” நிமிராமலே சொன்னாள்.

“சரிக்கா” என்று அவள் போய்விட்டாள். அந்த ‘சரி’யில் கோபம் தெரிகிறதா என்று பெரியக்கா தேடிப் பார்த்தாள். இல்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

ஐக்கியம் பழையபடி ஆறு பேரோடு நடந்தது. ஆனால் பழையபடி இல்லை. பாய்லர் அண்ணன் ஒவ்வொரு நாளும், “ஆண்டவரே, கீழ வேலையில இருக்கிற எங்க சகோதரிய ஆசீர்வதியும்” என்று கூரை அதிர ஜெபித்தார். தம்பதிகள் திரும்ப மூலைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். பெரியக்கா விளக்கம் சொல்லும்போது நெட்டை கொட்டாவியை மென்று விழுங்கினாள். போதாததற்கு, பத்து மணிக்கு உலர்த்தும் கொடிகளுக்குப் பின்னால் ஒரு புதுக் கூட்டம் கூடுகிறது என்று செய்தி வந்தது. ஐந்து பேராம். அதில் சாமி, கோவில் என்றாலே சிரிக்கிற லோடு ஏற்றும் ஆளும் ஒருத்தனாம். அவளை ஒரு கூட்டத்திலிருந்து பிடுங்கி எறிந்தால், விழுந்த இடத்தில் இன்னொன்று முளைக்கிறது! அன்று பெரியக்கா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவள் காலையில் எழுந்ததும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவள். இருபது வருஷப் பழக்கம். அந்த நாட்களில் கண்ணை மூடினால் லிஸ்ட்தான் வந்தது. பிள்ளைகளுக்காக ஜெபித்தால் லிஸ்ட். சபைக்காக ஜெபித்தால் லிஸ்ட். சத்தமெல்லாம் எதுவும் கேட்கவில்லை. ‘போய் அதை மாற்று, ஏன் எழுதினாய் என்று அவளிடம் சொல்’ என்பது மட்டும், கூடத்தில் ஒரு விருந்தாளி எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது போல, மனதில் உட்கார்ந்திருந்தது.

பெரியக்கா அதைத் தவிர மற்றதெல்லாம் செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தாள். சனிக்கிழமை ஆலயத்தைக் கூட்டித் துடைத்தாள். சன்னல் கம்பிகளைக்கூட விடவில்லை. குளிருக்கு ஆகும் என்று ஒரு சால்வை வாங்கி, ஆள் மூலமாகப் புதுப்பொண்ணுக்குக் கொடுத்தனுப்பினாள். ஐக்கியத்துக்கு நாற்காலிகள் வாங்கிப் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேதம் வாசித்தாள்.

புருஷன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை, வேனை எடுக்கப் போகிறவர் வாசலில் நின்று சொன்னார்: “ஏதோ ஒண்ணச் செய்யாம இருக்கறதுக்காக இவ்வளவும் செய்யுற மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. வேன்ல ஒரு பையன் இருக்கான். வீட்டுப்பாடம் எழுதலைன்னா அன்னிக்கு மட்டும் எனக்கு ரெண்டு தடவ குட்மார்னிங் சொல்லுவான்.”

அன்றைக்கே லிஸ்ட்டை மாற்றி எழுதினாள். எதிர்த் தெருக்காரிக்கு ஆறு மணி. புதுப்பொண்ணுக்குப் பழைய எட்டரை மணி. காரணம் கேட்ட மேனேஜரிடம், “வேலை வசதிக்குத்தான் சார்” என்றாள். புதுப்பொண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. தப்பைத் திருத்தியாயிற்று, தோண்டி எடுத்து ஊருக்குக் காட்ட வேண்டுமா என்ன? பாதி கீழ்ப்படிந்தாலும் கீழ்ப்படிதல்தானே என்று நினைத்தாள். அன்று பசித்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குப் புதுப்பொண்ணு அறைக்குள் வந்தாள். நெட்டை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். தம்பதிகள் அடுத்தடுத்த நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். பெரியக்கா சிரித்த முகத்தோடு பகுதியைச் சொல்லப் போனாள்.

“அக்கா, அதுக்கு முன்னாடி ஆண்டவர் எனக்குச் செஞ்சதப் பத்தி நான் ஒரு சாட்சி சொல்லணும்” என்றாள் புதுப்பொண்ணு.

அவளாக வாய் திறந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

“எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராதுன்னு உங்க யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்ல. முன்னெல்லாம் நான் குளிப்பாட்டி, ஊட்டிட்டு எட்டு மணிக்குக் கெளம்புவேன். ஆறு மணி ஷிப்ட் வந்ததும், அந்நேரத்துல பஸ் கம்மி, அஞ்சுக்கே கெளம்பணும். பக்கத்து வீட்டம்மா எட்டுக்குத்தான் வருவாங்க. மூணு மணி நேரம் அம்மா தனியா. போன வாரம் அவசரமா பாத்ரூம் போக எந்திரிச்சு விழுந்துட்டாங்க. மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு. நான் ஆண்டவர்கிட்ட, ஷிப்ட் மாறலைன்னா வேலைய விட்டுடறேன்னு அழுதேன். யார்கிட்டயும் சொல்லல. ரெண்டே நாள்ல பெரியக்கா மாத்திட்டாங்க. கேக்காமலே! சால்வையும் குடுத்தாங்க. ஆண்டவர்தான் அவங்க மனசுல பேசியிருக்கணும். அக்கா மாதிரி ஒருத்தங்கள எனக்குக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்!” என்றார் பாய்லர் அண்ணன். தையலம்மா பெரியக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நெட்டையின் கண்ணில் தண்ணீர். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எத்தனை மாசமாக ஏங்கிய பார்வை அது! வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தால் போதும், ஆயுளுக்கும் அவளுடையது.

பெரியக்கா தானே வாங்கிப் போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் நல்ல மனசோட மாத்தல” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாய்லர் அண்ணன், “சத்தமா சொல்லும்மா” என்றார். சத்தமாகவே சொன்னாள்.

“உன்ன ஆறு மணிக்குப் போட்டதே வேணும்னுதான். அங்க போறேன்னு கேட்ட ஆளு ஒருத்தி இருந்தா. உன்ன இந்த ரூம்ல இருந்து வெளிய அனுப்பணும்னு போட்டேன். பொறாமை. நீ ஜெபம் பண்ணா எல்லாரும் அழறாங்க, எங்கிட்ட சொல்லாதத உங்கிட்ட சொல்றாங்க. என்னால தாங்க முடியல. அம்மான்னு நீ சொல்ல வந்த. நாந்தான் சொல்ல விடல.”

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதுப்பொண்ணு மெதுவாகக் கேட்டாள்: “அப்போ அம்மா விழுந்தது?”

“என்னாலதான்.”

“தனியா கெடந்தாங்கக்கா. ஒண்ணரை மணி நேரம். ஈரத் தரையில.”

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

அடுத்த மூன்று வாரம் புதுப்பொண்ணு அறைக்கு வரவில்லை. லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பெரியக்கா ஒரு முறை போய், “மன்னிச்சுடும்மா” என்றாள். “இப்ப முடியலக்கா. பொய் சொல்ல எனக்கு வராது” என்று பதில் வந்தது. சூப்பர்வைசரின் சங்கதி கூடம் முழுக்கப் பரவியிருந்தது. தண்ணீர்க் குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது. மேனேஜரிடமும் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் டூட்டி லிஸ்ட்டை வேறொரு சூப்பர்வைசரிடம் கொடுத்தார்.

ஐக்கியத்தையும் விட்டுவிடுவதாகத் தையலம்மாவிடம் சொன்னாள். “இனி நீங்களே நடத்துங்க. எனக்குத் தகுதி இல்ல. நான் வெளிய உக்காந்துக்கறேன்.”

தையலம்மா வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினாள். “உன்ன யாரும் எறக்கல. நீயா எறங்கி அதுலயும் பேர் வாங்காத. பேசாம வந்து உக்காரு. இன்னிக்கு நான் வாசிக்கிறேன், தப்பு இருந்தா வாயத் தொறக்காத.”

அவள் வந்து உட்கார்ந்தாள். தையலம்மா தட்டுத்தடுமாறி வாசித்தாள். விளக்கம் யாரும் சொல்லவில்லை. பாய்லர் அண்ணன் தன் முறை வந்தபோது, “ஆண்டவரே, எனக்கும் அந்தக் கோளாறு உண்டு. லிஸ்ட் எழுதுற வேலைய எனக்குக் குடுக்காம இருந்தீரே, ஸ்தோத்திரம்” என்று ஜெபித்தார். பெரியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒன்பது வருஷத்தில் தங்கள் கோளாறைப் பற்றி யாரும் அங்கே அப்படிப் பேசியதில்லை.

நாலாவது வாரம் புதுப்பொண்ணே அவளைத் தேடி மடிப்பு மேசைக்கு வந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது.

“அக்கா, ஏதாவது செய்யணும்னு சொல்லி விட்டீங்களாமே?”

“என்ன வேணும்னாலும் சொல்லு.”

“சால்வை, கீல்வை எல்லாம் வேணாம். அம்மாவுக்கு மாவுக்கட்டு. தனியா தூக்கிக் குளிப்பாட்ட எனக்கு முதுகு வரல. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி வந்து ஒரு கை பிடிக்க முடியுமா?”

போனாள். ஒரு அறையும் ஒரு அடுக்களையும் உள்ள வீடு. கட்டிலில் கிடந்த அம்மா மெலிந்தவள், கண் மட்டும் கூர்மை. ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான் அந்த லிஸ்ட்டுக்காரியா?” பாதி வாய்தான் அசைந்தது. வார்த்தை தெளிவாகவே வந்தது.

“ஆமாம்மா.”

“ம். தலைக்குத் தண்ணி ஊத்தும்போது காதப் பொத்து. இவ எப்பவும் மறந்துடுவா.”

அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மாவுக்கட்டுக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி, காதைப் பொத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று பேரும் நனைந்தார்கள். அம்மா இருவரையும் மாற்றி மாற்றித் திட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பெரியக்கா போனாள். அதற்கடுத்த ஞாயிறும். கட்டுப் பிரித்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று புதுப்பொண்ணு ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை ஒரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து, பெரியக்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். தன் முறை வந்தபோது, “ஆண்டவரே, எனக்குள்ள ரொம்பக் கோவம் இருந்துச்சு, முக்காவாசி போயிடுச்சு, மிச்சத்தையும் எடுத்துக்கங்க” என்றாள். எல்லோரும் ஆமென் என்றார்கள், நல்ல சத்தமாக.

திரும்பி வேலைக்குப் படியிறங்கும்போது பெரியக்கா அவள் முழங்கையைத் தொட்டாள்.

“ஒண்ணு சொல்லணும். இப்பக்கூட வந்துச்சு.”

“என்னது?”

“பொறாமை. உனக்கு ஆமென் சொன்ன சத்தம் பெருசா இருந்துச்சு.”

புதுப்பொண்ணு நின்று அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

“எனக்கு மட்டும் இல்லியாக்கா? வேதத்துல ஒரு எடத்தச் சொன்னா நீங்க படக்குனு பக்கத்தத் திருப்பிடறீங்க. நான் முன்னாடி அட்டையில இருக்கிற பட்டியலப் பாத்துத் தேடறதுக்குள்ள வாசிச்சே முடிச்சுடறீங்க. எத்தன நாள் வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொன்னீங்களா?”

கீழே இஸ்திரி உருளை சுழலத் தொடங்கிவிட்டது. இருவரும் வேகமாக இறங்கினார்கள். மறுநாளிலிருந்து பெரியக்கா தன் முறையில் இடத்தைச் சொன்னதும் வாசிக்கத் தொடங்குவதில்லை. புதுப்பொண்ணு பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைக்கும்வரை பொறுத்திருப்பாள். அப்படிப் பொறுத்திருப்பது சில நாட்கள் அவளுக்குச் சுலபமாக இருக்கும். சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுத்திருப்பாள்.